இரவல் குரல்

என் நாத்தனாருக்கு முப்பத்து மூன்று வயது. சொன்னால் யாரும் நம்ப மாட்டார்கள். பஸ் கண்டக்டர் இன்றைக்கும் அவளிடம் ஸ்கூல் பாஸ் கேட்கிறார். பேங்கில் கணக்குத் திறக்கப் போனவளை, அம்மாவைக் கூட்டிக்கொண்டு வா பாப்பா என்று திருப்பி அனுப்பினார்கள். அம்மா செத்துப் பல வருஷம் ஆகிறது என்று இவள் சொன்னதும் அந்த ஆளுக்குக் கண் கலங்கிவிட்டதாம். வீட்டில் அவள் பெயர் பொடிசு. மூர்த்தி சிறிதானாலும் கீர்த்தி பெரிது என்று அவள் அண்ணன், அதாவது என் வீட்டுக்காரர், பெருமையாகச் சொல்வார். கீர்த்தி எப்படியோ, வாய் பெரிது. ஆனால் அந்த வாயில் அவளுடைய சொந்தக் குரல் இருக்கிற நேரம் குறைவு.

அவள் நாடகக் குழுவில் இருந்தவள். மேடையில் குழந்தை வேஷம், திரைக்குப் பின்னால் குரல் வேலை. கிழவன், பூனை, கைக்குழந்தை, தொண்டை கட்டின நீதிபதி எல்லாம் இவளே. ஒருவர் பேசுவதை ஒரு தரம் கேட்டால் போதும், அப்படியே எடுத்து வைத்துக்கொள்வாள். ஒருநாள் நான் இஸ்திரிக்காரரிடம் போடுகிற சண்டையைச் சமையலறையில் நின்று போட்டுக் காட்டினாள். குளியலறையில் இருந்த என் வீட்டுக்காரர், அந்த ஆளோடு உனக்கு என்ன தகராறு, விட்டுத் தொலை என்று உள்ளேயிருந்தே என்னைத் திட்டினார். நான் அப்போது மாடியில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தேன். எல்லோரும் வயிறு வலிக்கச் சிரித்தோம். இப்போது நினைத்தால் எனக்குச் சிரிப்பு வருவதில்லை.

குழு கலைந்து அவள் சும்மா இருந்தபோது சுகாதார ஆராய்ச்சி அலுவலகம் ஒன்றில் வேலை கிடைத்தது. சின்ன ஆஸ்பத்திரிகளில் வளரிளம் பருவத்துப் பிள்ளைகளுக்கென்று தனி அறை திறந்திருந்தார்கள். பெரியவர் துணையில்லாமல் ஒரு பிள்ளை வந்து நின்றால் அங்கே விரட்டுகிறார்களா, கதவைச் சாத்திவிட்டுப் பேசுகிறார்களா, சொன்னது வெளியே போகாது என்று வாக்குக் கொடுக்கிறார்களா என்று பார்க்க வேண்டும். நிஜப் பிள்ளையை அனுப்பிச் சோதிப்பது தப்பு. ஆகவே பிள்ளை மாதிரி இருக்கிற பெரியவள் ஒருத்தி தேவைப்பட்டாள். ஆஸ்பத்திரிப் பொறுப்பாளர்கள் எல்லாரும், இந்த வருஷம் எப்போதாவது ஒரு வேஷக்காரி வருவாள் என்பதற்குச் சம்மதித்திருந்தார்கள். எந்த நாள், எந்த முகம் என்று மட்டும் அவர்களுக்குத் தெரியாது. உடம்புக்கு ஒன்றும் இல்லாமல் ஆஸ்பத்திரி ஆஸ்பத்திரியாக ஏறி இறங்கிச் சம்பளம் வாங்குகிறவளை இப்போதுதான் பார்க்கிறேன் என்று நான் கேலி செய்தேன். தையல் என் தொழில். அவளுக்குப் பள்ளிக்கூட யூனிஃபார்ம் மாதிரி ஒன்றைத் தைத்துக் கொடுத்ததும் நான்தான்.

அலுவலகத்தில் எல்லாவற்றையும் நடத்தியவர் ஒரு மேடம். எறும்புக்கும் வழிவிட்டு நடக்கிற மனுஷி. அவர் பொடிசுக்கு ஒரு கதை கொடுத்தார். தூக்கம் வராத பதினைந்து வயதுப் பெண், வகுப்பில் தலை சாய்கிறது, தலைவலி, வீட்டில் யாருக்கும் தெரியாமல் வந்திருக்கிறாள். எல்லா ஆஸ்பத்திரியிலும் ஒரே வார்த்தை, ஒரே குரல், ஒரே இடத்தில் ஒரே நிறுத்தம். மாறினால் ஒன்றோடு ஒன்றை ஒப்பிட முடியாது என்பது மேடத்தின் கண்டிப்பு. கதை வானத்திலிருந்து குதித்தது இல்லை. முந்தின வருஷம் பிள்ளைகளைப் பேட்டி எடுத்தபோது ஒரு பெண் சொன்னது. அவளும் சம்மதித்திருந்தாள், அவள் மாமாவும் சம்மதித்திருந்தார். பெயர், வயது, பள்ளிக்கூடம், வீடு எல்லாவற்றையும் மாற்றிவிட்டார்கள். ஒரே ஒரு வாக்கியத்தை மட்டும் மாற்றவில்லை. அதைத் தொட்டால் கதையில் உயிர் இருக்காது என்று மேடத்துக்குத் தோன்றியது. தொனி பிடிபடுவதற்காக அந்தப் பெண்ணின் பேச்சைப் பதிவிலிருந்து பொடிசுக்குப் போட்டும் காட்டினார். இவளுக்கு ஒரு தரம் கேட்டதே போதுமாயிருந்தது.

அந்த வாக்கியத்தை எடுத்தவுடன் சொல்லக் கூடாது. எதிரே இருப்பவர் பொறுமையாக, திரும்பத் திரும்பக் கேட்டால்தான் தலையைக் குனிந்துகொண்டு சொல்ல வேண்டும்.

"கதவுல ரெண்டு காலையும் வெச்சுட்டுத்தான் தூங்குறேன்."

அதைக் கேட்டதும் எல்லார் முகமும் மாறிவிடும் என்று பொடிசு வந்து சொல்வாள். ஒரு ஆலோசகர் மேஜையைத் தாண்டி வந்து அவள் கையைப் பிடித்துக்கொண்டாராம். ஒரு டாக்டர் எழுதுவதை நிறுத்திவிட்டுக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தாராம். யாரும் அதற்கு மேல் ஒன்றும் கேட்கவில்லை. கதவுக்கு வெளியே யாரோ ஒரு ஆள் நிற்கிறான் என்று எல்லாரும் தாங்களாகவே புரிந்துகொண்டார்கள். பொடிசும் அப்படித்தான் புரிந்துகொண்டாள். நானும்தான்.

இதெல்லாம் வேலை. வேலையை வாசலில் செருப்போடு கழற்றிப் போட்டுவிட்டு வரவேண்டும். ஒருநாள் காலையில் அவளை எழுப்ப அவள் அறைக் கதவைத் தள்ளினேன், திறக்கவில்லை. தாழ்ப்பாள் போடுகிற பழக்கம் அவளுக்குக் கிடையாது. இன்னும் கொஞ்சம் தள்ளினேன். கதவு ஒரு விரல் அளவு போனது, பிறகு உள்ளேயிருந்து மெதுவாக என்னைத் திருப்பித் தள்ளியது. பட்டப்பகலில், பால் அடுப்பில் இருக்க, நான் கதவிலிருந்து கையை எடுத்துக்கொண்டேன். கூப்பிட்டேன். சற்றுப் பொறுத்து அவள் வந்து திறந்தாள். பாய் கதவை ஒட்டிக் கிடந்தது.

நீ எதற்குக் கதவில் கால் வைத்துப் படுக்கிறாய் என்று கேட்டேன். நான் எங்கே வைத்தேன், ஜன்னல் பக்கம்தானே படுத்தேன் என்றாள். பொய் சொல்லுகிற முகம் இல்லை அது. அடுத்த நாளும் அப்படியே நடந்தது, அதற்கடுத்த நாளும். நான் கேலி செய்வதை விட்டுவிட்டேன். காலையில் தள்ளுவதற்கு முன்னால் வெளியே நின்று குரல் கொடுக்கப் பழகிக்கொண்டேன்.

இந்த நிலையில்தான் அவளை ஊருக்கு வெளியே இருந்த ஒரு ஆஸ்பத்திரிக்கு அனுப்பினார்கள். பட்டியலில் கடைசியாகச் சேர்த்த இடம். சீட்டு வாங்கிக்கொண்டு தனி அறைக்குப் போனாள். அங்கே ஒரு நர்ஸ், நடுவயதுக்காரர், குனிந்து ஏதோ எழுதிக்கொண்டிருந்தார். பொடிசு கதையின் முதல் வரியைச் சொன்னாள். ராத்திரியில் தூக்கமே வரவில்லை என்பதுதான் முதல் வரி. நர்ஸ் தலையைத் தூக்கவில்லை. ஆனால் பேனா நின்றது.

"வந்துட்டியா கண்ணு," என்றார். "எத்தன நாளா உன்னத் தேடுறேன்."

அப்படிச் சொல்லிக்கொண்டே முகமெல்லாம் மலர்ந்து நிமிர்ந்தார். பொடிசைப் பார்த்தார். மலர்ந்த முகம் அப்படியே நின்றுவிட்டது. பொடிசுக்கு என்ன செய்வது என்று தெரியவில்லை. எது வந்தாலும் வேஷத்தைக் கலைக்காதே என்பது மேடத்தின் உத்தரவு. அடுத்த வரியைச் சொன்னாள். அதற்கடுத்த வரியையும் சொன்னாள். யாரும் எதுவும் கேட்காமலே, பயத்தில், அந்தக் கடைசி வாக்கியத்தையும் சொல்லிவிட்டாள். நர்ஸ் எழுந்து சுவரோடு ஒட்டி நின்றுகொண்டார்.

"நீ அவ இல்லையே," என்றார். "அவ எங்க? அவளுக்கு என்ன ஆச்சு?"

இதை என்னிடம் சொல்லும்போது பொடிசு வேஷத் துணியைக்கூட மாற்றியிருக்கவில்லை. தானே செத்துப்போய் யாரோ ஒருத்தியின் உடம்பில் நிற்கிற மாதிரி இருந்தது அண்ணி என்றாள். கடைசியில் பைக்குள் இருந்த அலுவலகக் கடிதத்தை எடுத்துக் காட்டியிருக்கிறாள். நர்சம்மாவுக்குப் பயம் போய்க் கோபம் வந்தது. அந்தப் பெண் இதே அறையில், இதே நாற்காலியில் உட்கார்ந்து முதன்முதலாகத் தன்னிடம்தான் அதைச் சொன்னாள், ஒழுங்காக வந்துகொண்டிருந்தாள், தூக்கமும் கொஞ்சம் சரியாகி வந்தது, திடீரென்று வருவதை நிறுத்திவிட்டாள் என்றார். ஆள் அனுப்பினால் கதவைத் திறப்பதில்லையாம். ஆராய்ச்சிக்காரர்களிடம் தைரியமாகப் பேசு, வெளியே போகாது என்று அவளுக்குச் சொன்னதும் இந்த நர்சம்மாதானாம்.

என்னிடம் சொன்ன கையோடு பொடிசு மேடத்திடம் போனாள். நானும் கூடப் போனேன், எனக்கு அடங்கவில்லை. பெயரை மாற்றினோமே, நெறிமுறைக் குழு பார்த்து அனுமதி கொடுத்ததே, ஒரு வாக்கியம்தானே என்று மேடம் முதலில் சொன்னார். அந்தக் குழுவிடம், இவளுக்குப் பதிவைப் போட்டுக் காட்டப்போகிறோம் என்று சொன்னீர்களா என்று நான் கேட்டேன். இல்லை, அது அப்போது தோன்றவில்லை என்றார். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைப்பது என்று கேள்விப்பட்டிருக்கிறேன். இவர்கள் காம்பை மட்டும் மறைத்துவிட்டுக் காயை மேஜைமேல் வைத்திருக்கிறார்கள். அவரைப் பார்க்கவும் பாவமாக இருந்தது. மூக்கு நுனி சிவந்துபோய் உட்கார்ந்திருந்தார். கதையை அன்றைக்கே தற்காலிகமாக நிறுத்திவைத்தார். ஆனால் அந்தப் பெண் எங்கே என்று தேடிப் போக மறுத்துவிட்டார். அவள் கேட்காமல் அவள் வாசலில் போய் நின்றால் செய்த தப்பையே திரும்பச் செய்வதாகும் என்றார். அது சரியாகத்தான் பட்டது. சரியாகப் பட்டதால் இன்னும் எரிச்சலாக இருந்தது.

பொடிசு மெலிந்துபோனாள். அந்தப் பிள்ளை உயிரோடு இருக்கிறதா இல்லையா என்பது ஒன்றுதான் அவள் வாயில். நாடகத்தில் செத்தவர்கள் குரலைப் போட்டிருக்கிறேன், அதெல்லாம் எழுதிவைத்த சாவு அண்ணி என்பாள். பேச்சினிடையே திடீரென்று அந்தக் குரல் அவளுக்கு வந்துவிடும். தண்ணீர் கேட்பாள், கேட்டது அவளாக இருக்காது. என் வீட்டுக்காரர் சோற்றுத் தட்டிலிருந்து தலையைத் தூக்கி என்னைப் பார்ப்பார், நான் அவரைப் பார்ப்பேன்.

பிறகு ஒருநாள் நர்சம்மா போன் செய்தார். கடைத்தெருவில் அந்தப் பெண்ணைப் பார்த்துவிட்டாராம். திட்டவும் இல்லை, ஏன் வரவில்லை என்று கேட்கவும் இல்லையாம். உன்னை மாதிரியே பேசுகிற ஒருத்தர் வந்தாங்கம்மா, அதில் என் தப்பும் இருக்கு என்று மட்டும் சொல்லியிருக்கிறார். அந்தப் பெண் கையிலிருந்த பையைக் கீழே வைத்துவிட்டு, "அந்தக் குரல் உங்களுக்கும் கேட்டுச்சா?" என்று கேட்டாளாம். அப்புறம் அவளே, அவங்களை நான் பார்க்கணும் என்று சொல்லியிருக்கிறாள்.

போனோம். நர்சம்மாவின் அறை, சுவரோரம் இரும்பு அலமாரி, எடை பார்க்கும் மெஷின், வெளியே தாழ்வாரத்தில் நீளமான பெஞ்சு. அந்தப் பெண் எங்களுக்கு முன்பே வந்து உட்கார்ந்திருந்தாள். பொடிசைவிட ஒரு தலை உயரம். பொடிசு வாயைத் திறக்கவில்லை. என்ன குரலில் பேசுவது என்று அவளுக்குத் தெரியவில்லை என்று நினைக்கிறேன். அந்தப் பெண்தான் பேசினாள். அவள் பேசத் தொடங்கியதும் நான் பொடிசின் வாயைத் திரும்பிப் பார்த்தேன். எங்கள் வீட்டுக் கூடத்தில், சமையலறையில், தண்ணீர் கேட்டு நான் இத்தனை நாளாகக் கேட்ட குரல்.

அவள் சொன்னது இது. அம்மாவுக்குக் காலில் புண். மருந்து கட்டுவதற்காகப் பக்கத்து ஊர் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிக்கொண்டு போயிருந்தாள். வெளியே பெஞ்சில் இரண்டு பேரும் உட்கார்ந்திருந்தார்கள். எதிரே ஒரு அறை, கதவு பாதி சாத்தியிருந்தது. உள்ளேயிருந்து அவளுடைய குரல் வந்தது. ராத்திரியில் தூக்கமே வரவில்லை என்று அவள் குரல் சொன்னது. அவள் வாயைக் கையால் மூடிக்கொண்டாளாம். அப்படியும் குரல் நிற்கவில்லை. அவள் ஒரே ஒருவரிடம் அழுதுகொண்டு சொன்னதும், பிறகு பதிவு மெஷினுக்கு முன்னால் சொன்னதும், வார்த்தை பிசகாமல் கதவு இடுக்கு வழியே வந்துகொண்டிருந்தது. அம்மா தலையைத் திருப்பி அவள் முகத்தைப் பார்த்துச் சிரித்தாளாம்.

"உனக்கும் கேக்க ஆரம்பிச்சிடுச்சா?" என்றாளாம் அம்மா.

அம்மாவுக்கு நோய் அப்படித்தான் தொடங்கியிருக்கிறது. தன் குரலே வெளியிலிருந்து தன்னைக் கூப்பிடும். கூப்பிட்டால் எழுந்து போவாள், ஒருமுறை ரயில் பாதை வரைக்கும் போய்விட்டாள். மாமாவுக்குத் தெரிந்தால் எங்காவது கொண்டுபோய் அடைத்துவிடுவார் என்று பிள்ளை யாரிடமும் மூச்சு விடவில்லை. கதவில் கால் வைத்துப் படுத்தது அதற்குத்தான். வெளியே யாரும் இல்லை. அம்மா வெளியே போய்விடக் கூடாது.

நான் நர்சம்மாவைப் பார்த்தேன். அவரும் அந்த வாக்கியத்தைக் கேட்டதோடு நிறுத்திக்கொண்டவர்தான். கண்ணை மூடிக்கொண்டார். அத்தனை ஆஸ்பத்திரி, அத்தனை படித்தவர்கள், நாங்கள் எல்லாரும் இல்லாத ஒரு ஆளைக் கதவுக்கு வெளியே நிறுத்தி வைத்து அவனுக்குப் பயந்துகொண்டிருந்தோம். எதற்காக அப்படித் தூங்குகிறாய் என்று ஒரு வார்த்தை யாரும் கேட்கவில்லை.

அந்தப் பெண் அன்றைக்கு அம்மாவை இழுத்துக்கொண்டு வீட்டுக்கு ஓடியிருக்கிறாள். தனக்கும் அந்த நோய் வந்துவிட்டது என்று முடிவு செய்துகொண்டாள். நர்சம்மாவிடம் போனால் கண்டுபிடித்துவிடுவார்கள், தன்னையும் அடைத்துவிட்டால் அம்மாவுக்கு யார் இருக்கிறார்கள்? அதனால் வருவதை நிறுத்திவிட்டாள். பள்ளிக்கூடத்தையும் நிறுத்திவிட்டாள். ராத்திரியில் அம்மாவுக்காக வைத்த காலைத் தனக்காகவும் சேர்த்து அழுத்தி வைத்தாள். இதையெல்லாம் அவள் யாரோ பக்கத்து வீட்டுக்காரர்களைப் பற்றிச் சொல்வதுபோலச் சொன்னாள். எனக்குத் தாங்கவில்லை, முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டு அழுதேன்.

பொடிசு அப்போதுதான் வாயைத் திறந்தாள். அது நான்தான் கண்ணு, அந்த ரூமுக்குள்ளே இருந்தது நான்தான் என்றாள். அவள் சொந்தக் குரல், கரகரப்பாக, முப்பத்து மூன்று வயதுக் குரல். அந்தப் பெண் கதவைக் காட்டினாள்.

"சொன்னா நம்ப முடியலக்கா," என்றாள். "நீங்க உள்ள இருந்தே சொல்லுங்க. நான் வெளிய உக்காந்துக்கறேன்."

பொடிசு தயங்கினாள். சொல்லட்டுமா என்று கேட்டாள். இத்தனை ஆஸ்பத்திரியில் சொன்ன பிறகு, முதல் தடவையாக அந்தக் கேள்வியை உரியவளிடம் கேட்டாள். ம், சொல்லுங்க என்றாள் அந்தப் பெண். நர்சம்மா கதவைப் பாதி சாத்தினார். நான் தாழ்வாரத்துப் பெஞ்சில் அந்தப் பெண்ணுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தேன். அவள் பெஞ்சின் விளிம்பை இரண்டு கையாலும் பிடித்திருந்தாள். தாழ்வாரத்தில் யாரோ வாளியை நகர்த்துகிற சத்தம், பிறகு அதுவும் நின்றது.

குரல் வந்தது. பக்கத்தில் இருந்தவளின் உதடு மூடியிருந்தது, நான் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். அவள் குரல் சுவருக்கு அந்தப் பக்கத்திலிருந்து வந்தது. அதே இழுப்பு, அதே நிறுத்தம், மூச்சு வாங்குகிற இடம்கூட அதே. விஷயம் தெரிந்த எனக்கே எழுந்து ஓடலாம் போல இருந்தது.  கடைசி வாக்கியம் வந்து முடிந்ததும் அவள் மெதுவாக என் பக்கம் திரும்பினாள்.

"உங்களுக்குக் கேக்குதா?" என்றாள்.

"கேக்குதும்மா," என்றேன். "எனக்கும் கேக்குது. நல்லாக் கேக்குது."

அவள் என் மடியில் சாய்ந்துவிட்டாள். சத்தமே வராமல் அழுதாள். அப்புறம் எழுந்து மூக்கைத் துடைத்துக்கொண்டு அறைக்குள் போனாள். இனிமேல் நான் இதைச் சொல்லலாமா வேண்டாமா என்று பொடிசு கேட்டாள். பாதி வேலை மிச்சம் இருந்தது, கதையை ஒரேயடியாக நிறுத்தினால் பொடிசுக்கு வேலை இல்லை, அது எங்கள் எல்லாருக்கும் தெரியும். அந்தப் பெண் யோசித்துத்தான் பதில் சொன்னாள்.

"வேண்டாம்க்கா. அப்பவே கேட்டிருந்தா குடுத்திருப்பேன்."

அவள் கேட்டபடி மேடம் அவள் கண்ணெதிரே பதிவை அழித்தார். என்னை மன்னிச்சிடும்மா என்றபோது அந்தப் பெண், சரி மேடம் என்று மட்டும் சொன்னாள். சரி என்றால் என்ன அர்த்தம் என்று மேடமும் இந்தத் தடவை தானாக முடிவு செய்துகொள்ளவில்லை. அவள் சம்மதத்தோடு நர்சம்மா அம்மாவுக்கு வைத்தியம் ஏற்பாடு செய்திருக்கிறார். மாத்திரை ஒத்துக்கொள்கிறதாம். மாமா இரண்டு நாள் குதித்துவிட்டு அடங்கினாராம். பிள்ளை பள்ளிக்கூடம் போகிறாள். பொடிசு இப்போது என்னோடு உட்கார்ந்து பட்டன் தைக்கிறாள், கோணல்மாணலாகத்தான்.

இதை எழுதலாமா என்று அந்தப் பெண்ணிடம் போய்க் கேட்டேன். அம்மாவைப் பற்றி எழுதலாம், குரலைப் பற்றி எழுதலாம், அந்த ஒரு வாக்கியம் மட்டும் என்னிடமே இருக்கட்டும் என்றாள். ஆகவே நீங்கள் மேலே படித்த வாக்கியம் அவள் சொன்னது இல்லை. கதவும் காலும் நானாக வெட்டித் தைத்தது. அளவு அவளுடையது, துணி வேறு.

அப்படியென்றால் காலையில் எங்கள் வீட்டில் நான் பார்த்ததும் கதவு இல்லை. அது என்ன என்று சொல்ல எனக்கு அனுமதி கிடையாது. பொடிசுக்கு அது இப்போது குறைந்திருக்கிறது. முழுசாக நிற்கவில்லை.